ஆர்என்ஏ-சீக் தரவை ஆர் மொழியில் அலசுதல்: எண்ணிக்கை அட்டவணை முதல் வரைபடம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆர்என்ஏ-சீக் தரவு (எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று ஆர்என்ஏவை சீக்வென்ஸ் செய்து அளந்த எண்கள்) கைக்கு வந்ததும் எல்லோருக்கும் நேராக வால்கேனோ படத்தை, அதாவது ஒவ்வொரு மரபணுவின் மாற்றத்தையும் அதன் பி-மதிப்பையும் சேர்த்துக் காட்டும் படத்தை, பார்த்துவிட ஆசை வரும். புதியவர்கள் தடுமாறும் இடங்களோ அதற்கு வெகு முன்பே இருக்கின்றன: மாதிரி விவரத் தாளில், அட்டவணையின் தலைப்பு வரியில், எந்த நிலையை எதனுடன் ஒப்பிடுகிறோம் என்று மென்பொருளுக்குச் சொல்லும் இடத்தில். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் மென்பொருள் பெரும்பாலும் குறை சொல்லாது, அழகான படத்தையே கொடுக்கும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகிறது: ஒவ்வொரு படியிலும் ஒரு படம் போட்டுப் பாருங்கள், அது சரியாக இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

எடுத்துக்காட்டுக்கு 'ஏர்வே' என்ற பொதுத் தரவை எடுத்துக்கொள்கிறேன். நான்கு பேரிடமிருந்து வந்த மனித மூச்சுக்குழாய் மென்தசைச் செல்கள். ஒவ்வொரு செல் வரிசையிலும் ஒரு பங்குக்கு 1 மைக்ரோமோலார் டெக்ஸாமெத்தசோன் என்ற குளுக்கோகார்ட்டிகாய்டு மருந்து 18 மணி நேரம் கொடுக்கப்பட்டது. இன்னொரு பங்குக்கு மருந்து இல்லை. ஆக மொத்தம் 8 மாதிரிகள். ஆய்வுக் கட்டுரை 2014இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. மூலத் தரவு ஜியோ தரவகத்தில் ஜிஎஸ்இ52778 என்ற எண்ணில் இருக்கிறது. அங்கே வேறு மருந்து கொடுத்த மாதிரிகளும் உண்டு. ஆர் மொழிக்கான உயிரியல் தொகுப்புகளின் களஞ்சியமான பயோகண்டக்டரின் 'ஏர்வே' தொகுப்பில் இந்த 8 மட்டும் எண்ணிக்கை அட்டவணையாகத் தயாராகக் கிடைக்கும். உங்கள் தரவைத் தொடுவதற்கு முன் இதில் ஒரு முறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். விடை ஓரளவு தெரிந்த தரவு என்பதால் உங்கள் முடிவு சரியா என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆர், ஆர்ஸ்டுடியோ இரண்டையும் நிறுவுங்கள். அப்புறம் 'பயோக்மேனேஜர்' வழியாக, எந்த மரபணுக்கள் மாறின என்று சோதிக்கும் டிஇசீக்2 தொகுப்பை இறக்குங்கள். பயோகண்டக்டரின் ஒவ்வொரு பதிப்பும் ஆரின் ஒரு குறிப்பிட்ட பதிப்போடு கட்டப்பட்டது. பழைய ஆரை வைத்துக்கொண்டு புதிய டிஇசீக்2 கேட்டால் நிறுவல் பாதியில் நிற்கும். முதல் நாளே பலர் சோர்ந்துபோவது இங்கேதான். ஆரைப் புதுப்பித்துவிட்டுத் தொடங்குவதே சுருக்கு வழி.

படங்களுக்கு ஜிஜிபிளாட்2, ஜிஜிரெப்பெல், பிஹீட்மேப் ஆகிய மூன்றும் போதும். மடங்கு மாற்றத்தைச் சுருக்குவதற்கு ஏபிஇஜிஎல்எம் வேண்டும்.

கணினி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை அட்டவணையிலிருந்து தொடங்கும் இந்த வேலைக்கு 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். ஃபாஸ்ட்க்யூ கோப்பிலிருந்து (சீக்வென்சர் படித்த துண்டுகளான ரீடுகள் இருக்கும் மூலக் கோப்பு) தொடங்குவதாக இருந்தால் கதை வேறு. ஸ்டார் கருவி ரீடுகளை மனித மரபணுத் தொகுதியோடு பொருத்துவதற்கு ஏறத்தாழ 30 ஜிபி நினைவகம் கேட்கும். அதை சர்வரில் முடித்து அட்டவணையை மட்டும் கீழே கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒன்று. அட்டவணையில் இருப்பவை திருத்தப்படாத முழு எண்களாக இருக்க வேண்டும்: ஒவ்வொரு மரபணுவிலும் எத்தனை ரீடுகள் விழுந்தன என்ற நேரடி எண்ணிக்கை. டிபிஎம், எஃப்பிகேஎம் போன்ற, மொத்த ரீடுக்கும் மரபணு நீளத்துக்கும் ஏற்ப இயல்பாக்கிய மதிப்புகள் இங்கே உதவா. 10 ரீடு கிடைத்த மரபணுவையும் 1000 ரீடு கிடைத்த மரபணுவையும் ஒரே அளவு நம்ப முடியாது. எது எவ்வளவு நம்பத்தக்கது என்ற தகவல் அந்த நேரடி எண்ணிக்கையில்தான் இருக்கிறது. டிபிஎம் கொடுத்தால் 'முழு எண் இல்லை' என்று டிஇசீக்2 நிற்கும். உடனே சிலர் அதை முழு எண்ணாக்கி உள்ளே தள்ளுகிறார்கள். பிழைச்செய்தி போய்விடும், பிழை போகாது. எண்ணிக்கையை மதிப்பிட்டுத் தரும் சால்மன் கருவியின் வெளியீடு தசமத்தில் இருப்பது இயல்பு. அதை டிஎக்ஸ்இம்போர்ட் தொகுப்பின் வழியாக உள்ளே எடுங்கள்.

2. மாதிரி விவரத் தாளை முதலில் எழுதுங்கள்

எண்ணிக்கை அட்டவணையைத் திறப்பதற்கு முன்பே இந்தத் தாள் தயாராக வேண்டும். ஒரு மாதிரிக்கு ஒரு வரி. ஏர்வேயில் மூன்று பத்திகள் போதும்: மாதிரிப் பெயர், செல் வரிசை, மருந்து உண்டா இல்லையா.

உங்கள் ஆய்வில் இன்னும் சில சேரும். ஆர்என்ஏ பிரித்த நாள், நூலகம் (சீக்வென்சருக்காக ஆர்என்ஏவிலிருந்து தயாராக்கிய துண்டுகளின் தொகுப்பு) தயாரித்த குழு, சீக்வென்ஸ் செய்த சுற்று, விலங்கு அல்லது நோயாளியின் பால். 'இது தேவைப்படாது' என்று தோன்றும் பத்தியையும் எழுதி வையுங்கள். பின்னால் பிசிஏ படத்தில் (எந்த மாதிரி எதை ஒத்திருக்கிறது என்று புள்ளிகளாகக் காட்டும் படம்) புள்ளிகள் விநோதமாக இரண்டாகப் பிரியும்போது காரணம் தேட இந்தத் தாளை விட்டால் வேறு வழியில்லை.

தாளை எழுதி முடித்ததும் கண்ணால் ஒரு சோதனை. மருந்து கொடுத்தவை எல்லாம் திங்கட்கிழமையும், கொடுக்காதவை எல்லாம் வியாழக்கிழமையும் தயாரிக்கப்பட்டிருந்தால் மருந்தின் விளைவையும் நாளின் விளைவையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. நாளையும் மருந்தையும் சேர்த்துச் சூத்திரத்தில் எழுதினால் 'மாடல் அணி முழுத் தரம் இல்லை' என்ற பொருளில் டிஇசீக்2 ஒரு பிழை சொல்லும். இணையத்தில் தேடி அந்தப் பிழையைச் சரிக்கட்ட முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கணினிப் பிழை இல்லை. சோதனையின் அமைப்பில் உள்ள குறை. நூலகம் தயாரிப்பதற்கு முன்பே இந்தத் தாளை எழுதினால் குறையைச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

மாதிரி எண்ணிக்கை பற்றியும் இங்கேயே முடிவு செய்யுங்கள். பல ஆய்வகங்களில் ஒவ்வொரு நிலைக்கும் மூன்று பிரதிகள் (தனித்தனியே எடுத்த மாதிரிகள்) என்பது வழக்கமாகிவிட்டது. ஈஸ்ட்டில் ஒவ்வொரு நிலைக்கும் 48 பிரதிகள் வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, குறைந்தது 6 பிரதிகள் வேண்டும் என்றும் சிறிய மாற்றங்களையும் பிடிக்க வேண்டுமானால் 12 வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பணம் குறைவாக இருந்தால், ஒரே மாதிரியை ஆழமாக சீக்வென்ஸ் செய்வதைவிட இன்னொரு உயிரியல் பிரதியைச் சேர்ப்பதுதான் பெரும்பாலும் அதிகப் பயன் தரும். ஒரே நூலகத்தை இரு முறை ஓட்டினால் அது இரண்டு பிரதி ஆகாது. அந்த எண்ணிக்கைகளைக் கூட்டி ஒன்றாக்குங்கள்.

3. எண்ணிக்கை அட்டவணையை உள்ளே எடுத்தல்

வரிகளில் மரபணு, பத்திகளில் மாதிரி. வரிப் பெயராக என்சாம்பிள் தரவகம் தரும் மரபணு அடையாள எண்ணை வையுங்கள். மரபணுவின் வழக்குப் பெயரை வைத்தால் ஒரே பெயர் இரு வரிகளில் வரும். ஆர் அதை ஏற்காது.

உள்ளே எடுத்ததும் முதல் சில வரிகளையும் கடைசிச் சில வரிகளையும் பாருங்கள். ஸ்டார் தரும் மரபணு எண்ணிக்கைக் கோப்பில் முதல் நான்கு வரிகள் மரபணுக்கள் அல்ல. பொருந்தாத ரீடுகள், பல இடங்களில் பொருந்தியவை, எந்த மரபணுவிலும் சேராதவை, எந்த மரபணு என்று தீர்மானிக்க முடியாமல் மயங்கியவை ஆகியவற்றின் எண்ணிக்கை அவை. எச்டிசீக் கருவியில் இதே வகை வரிகள் கோப்பின் கடைசியில் இருக்கும். நீக்காமல் விட்டால் இயல்பாக்கத்துக்குள்ளும் முடிவுப் பட்டியலுக்குள்ளும் போலி மரபணுக்களாக நுழைந்துவிடும்.

ஸ்டார் கோப்பில் இன்னொரு வழுக்கல் உண்டு. அதில் மூன்று எண்ணிக்கைப் பத்திகள் இருக்கும்: டிஎன்ஏவின் எந்த இழை என்று பாராமல் எண்ணியது ஒன்று, இரு திசைகளுக்கும் தனித்தனியாக எண்ணியவை இரண்டு. உங்கள் நூலகத் தயாரிப்பு எந்த வகை என்று தெரியாமல் பத்தியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான ரீடுகள் காணாமல் போகும். மூன்று பத்திகளின் மொத்தத்தையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். திசைப் பத்திகள் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் நூலகம் இழை சாராதது. முதல் பத்தியை எடுங்கள். ஒன்று மிகப் பெரிதாகவும் மற்றது மிகச் சிறிதாகவும் இருந்தால் பெரியதை எடுங்கள்.

அடுத்து ஒவ்வொரு மாதிரியின் மொத்தத்தையும் பட்டை வரைபடமாகப் போடுங்கள். ஏர்வேயில் இது சுமார் 1.5 கோடியிலிருந்து 3.1 கோடி வரை போகும். இரு மடங்கு வேறுபாடு கவலைக்குரியது இல்லை. இயல்பாக்கம் அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரு மாதிரி மட்டும் மற்றவற்றில் பத்தில் ஒரு பங்கு என்றால் நின்று காரணம் தேடுங்கள்.

4. இரு அட்டவணைகளின் வரிசையும் பொருந்துகிறதா

எண்ணிக்கை அட்டவணையின் பத்தி வரிசையும் மாதிரித் தாளின் வரி வரிசையும் அப்படியே ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதிரியின் எண்கள் இன்னொரு மாதிரியின் பெயரில் போய்ச் சேரும். முடிவும் வரும், படமும் வரும், அவற்றில் உண்மை இருக்காது.

இரு பக்கமும் பெயர்கள் ஒன்றாக இருந்து வரிசை மட்டும் மாறியிருந்தால் டிஇசீக்2 பிழை சொல்லி நிற்கும். அதை நம்பி இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் பெயர்களே மாறிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. சிஎஸ்வி கோப்பைப் படிக்கும் வழக்கமான ஆர் கட்டளை, பத்தித் தலைப்பில் உள்ள சிறு கோட்டைப் புள்ளியாக மாற்றும். எண்ணில் தொடங்கும் பெயருக்கு முன்னால் ஓர் 'எக்ஸ்' எழுத்தைச் சேர்க்கும். படிக்கும்போதே பெயர்ச் சரிபார்ப்பை நிறுத்தச் சொல்லும் தெரிவு அந்தக் கட்டளையிலேயே இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

வரிசையைக் கையால் மாற்றாதீர்கள். மாதிரித் தாளின் பெயர்களைக் கொண்டு எண்ணிக்கை அட்டவணையின் பத்திகளை அழைத்தால் வரிசை தானாகப் பொருந்தும். பிறகு இரண்டும் சமமா என்று ஒரு வரியில் கேட்டு, இல்லையென்றால் நிரல் நின்றுவிடும்படி எழுதிவிடுங்கள். பல மாதம் கழித்து யாராவது புது மாதிரி ஒன்றைச் சேர்க்கும்போது அந்த ஒரு வரி காப்பாற்றும்.

5. வடிவமைப்புச் சூத்திரமும் அடிப்படை நிலையும்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். முழு அலசலும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஏர்வேக்குச் சூத்திரம்: செல் வரிசை கூட்டல் மருந்து. செல் வரிசையைச் சேர்ப்பது ஏன்? நான்கு பேரின் செல்களுக்குள் இயல்பாகவே வேறுபாடு உண்டு. அதைச் சூத்திரத்தில் சொல்லாவிட்டால் அந்த வேறுபாடு முழுக்க இரைச்சலாகக் கணக்காகி, மருந்தின் உண்மையான விளைவுகள் பலவற்றை மூழ்கடித்துவிடும். சொல்லிவிட்டால் ஒவ்வொருவரின் மருந்துள்ள செல்லும் அதே நபரின் மருந்தில்லாச் செல்லோடு ஒப்பிடப்படும். நோயாளியின் கட்டித் திசுவையும் அதே நோயாளியின் இயல்பான திசுவையும் ஒப்பிடுபவர்களுக்கும் இதேதான்.

நீங்கள் சோதிக்க விரும்பும் காரணியைச் சூத்திரத்தின் கடைசியில் எழுதுங்கள். தனியாக எதுவும் கேட்காவிட்டால் டிஇசீக்2 கடைசிக் காரணிக்குத்தான் முடிவு தரும்.

அடுத்தது அடிப்படை நிலை. ஆர் காரணியின் நிலைகளை அகர வரிசையில் அடுக்கி முதலாவதை அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. ஏர்வேயில் மருந்து கொடுத்ததற்கு 'டிஆர்டி', கொடுக்காததற்கு 'யுஎன்டிஆர்டி' என்று குறியீடு. ஆங்கில அகர வரிசையில் 'டி' முதலில் வருவதால் மருந்து கொடுத்த நிலையே அடிப்படையாகிவிடும். அப்படியே ஓட்டினால் மருந்தால் கூடிய மரபணுக்கள் எல்லாம் குறைந்ததாகக் காட்டும். பி-மதிப்புகள் துளியும் மாறாது, குறி மட்டும் தலைகீழாகும். அதனால் கண்ணில் படாமலே கட்டுரை வரை போய்விடலாம். அலசலை ஓட்டும் முன் 'மருந்தில்லாதது' என்பதை அடிப்படையாக அமையுங்கள். ஓட்டிய பிறகு மாற்றினால் மீண்டும் ஓட்ட வேண்டும்.

சீக்வென்ஸ் சுற்று போன்ற தொகுதி விளைவுகளுக்கும் இடம் சூத்திரம்தான். முதலில் வேறு கருவியால் தொகுதி விளைவை நீக்கிவிட்டு, திருத்திய எண்களை டிஇசீக்2க்குக் கொடுக்காதீர்கள். திருத்திய எண்கள் நேரடி எண்ணிக்கைகள் அல்ல. திருத்தத்தில் உள்ள நிச்சயமின்மையும் கணக்கில் வராது. அப்படிப்பட்ட நீக்கத்தைப் படம் வரைவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. வெறும் வரிகளைக் கழித்தல்

ஏர்வே அட்டவணையில் 60,000க்கும் மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியில் எண்ணிக்கை சுழியம் அல்லது மிகக் குறைவு. சிறிய குழுவில் எத்தனை மாதிரிகள் உண்டோ, அத்தனை மாதிரிகளிலாவது 10 ரீடு கிடைத்த மரபணுக்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏர்வேயில் அது 4 மாதிரி. வேகம் கூடும், படங்கள் தெளியும். எந்தக் குழுவில் அந்த எண்ணிக்கை கிடைத்தது என்று பார்த்துக் கழிக்கக் கூடாது. குழுவைப் பார்த்துக் கழித்தால் பின்னால் வரும் சோதனை ஒருபக்கம் சாயும்.

7. சோதனைக்கு முன் பிசிஏ

நேரடி எண்ணிக்கையை வைத்துப் பிசிஏ போட்டால் அதிக ரீடு வாங்கும் சில மரபணுக்களே படத்தை ஆளும். வெறும் மடக்கை எடுத்தால் நேர் எதிர்: எண்ணிக்கை குறைந்த மரபணுக்களின் இரைச்சல் பெரிதாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே, மாறுபாட்டை நிலைப்படுத்தும் மாற்றம் ஒன்று டிஇசீக்2இல் இருக்கிறது, சுருக்கமாக விஎஸ்டி. படங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். சோதனைக்கு எப்போதும் நேரடி எண்ணிக்கையே.

டிஇசீக்2இன் பிசிஏ கட்டளை இயல்பாக, அதிகம் மாறுபடும் 500 மரபணுக்களை எடுத்துக்கொள்ளும். நிறத்தை மருந்துக்கும் வடிவத்தைச் செல் வரிசைக்கும் கொடுங்கள். ஏர்வேயில் மருந்து உள்ளவையும் இல்லாதவையும் தெளிவாகப் பிரியும்; செல் வரிசைகளுக்கு இடையேயும் கணிசமான இடைவெளி இருக்கும். ஐந்தாம் படியில் செல் வரிசையைச் சூத்திரத்தில் சேர்த்ததற்கான காரணம் இந்தப் படத்தில் கண்ணெதிரே தெரியும்.

உங்கள் தரவில் பார்க்க வேண்டியவை: ஒரு புள்ளி தன் குழுவை விட்டு எதிர்க் குழுவின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா? அதற்கு இணையாக எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு புள்ளி இந்தப் பக்கம் வந்திருக்கிறதா? இரண்டும் நடந்திருந்தால் குழாய்கள் மாறியிருக்கும் வாய்ப்பு அதிகம். ஆண், பெண் இருபாலரின் மாதிரிகளும் இருந்தால் பெண்களின் செல்களில் வெளிப்படும் எக்ஸ்ஐஎஸ்டி மரபணுவையும், ஒய் குரோமோசோமில் உள்ள ஆர்பிஎஸ்4ஒய்1 மரபணுவையும் எடுத்து ஒரு படம் போடுங்கள். தாளில் எழுதிய பாலோடு பொருந்தாத மாதிரி உடனே தெரிந்துவிடும். செலவே இல்லாத சோதனை, ஆனாலும் பலர் செய்வதில்லை.

ஒரு மாதிரி விலகி நிற்கிறது என்பதற்காக மட்டும் அதைத் தூக்கிவிடாதீர்கள். ஆர்என்ஏ தரம், பொருந்திய ரீடு விகிதம், ரைபோசோம் ஆர்என்ஏ அளவு இவற்றில் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் நீக்குங்கள். நீக்கியதையும் காரணத்தையும் எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்த பிறகு மாதிரியை நீக்குவது நேர்மையான வேலை அல்ல.

8. டிஇசீக்2ஐ ஓட்டுதல்

ஒரே கட்டளை, உள்ளே மூன்று வேலை. முதலில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் அளவுக் காரணி கணக்கிடப்படுகிறது. எல்லா மாதிரிகளின் பெருக்குச் சராசரியோடு ஒவ்வொரு மரபணுவையும் ஒப்பிட்டு, அந்த விகிதங்களின் இடைநிலை எடுக்கப்படும். மொத்த ரீடு எண்ணிக்கையால் வகுப்பதைவிட இது பாதுகாப்பு: ஒரு சில மரபணுக்கள் ஒரு மாதிரியில் மட்டும் பெருமளவு கூடினாலும் மற்றவை குறைந்தது போலத் தோன்றாது.

இரண்டாவது, ஒவ்வொரு மரபணுவுக்கும் பரவல் மதிப்பு, அதாவது பிரதிகளுக்கிடையே அதன் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்பது. நான்கு பிரதிகளை வைத்து ஒரு மரபணுவின் பரவலைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால் ஒத்த எண்ணிக்கை உள்ள மற்ற மரபணுக்களிடமிருந்து தகவல் கடன் வாங்கி மதிப்பைப் பொதுப் போக்கின் பக்கம் இழுக்கிறது. மூன்றாவதாக, எதிர்மறை ஈருறுப்பு நிகழ்தகவுப் பரவலின் அடிப்படையில் சோதனை.

ஓட்டியதும் பரவல் படத்தைப் போடுங்கள். சராசரி எண்ணிக்கை கூடக் கூடப் பரவல் இறங்கி, பின் சமநிலைக்கு வரும் ஒரு வளைவு தெரிய வேண்டும். புள்ளிகள் வளைவைச் சட்டை செய்யாமல் சிதறியிருந்தால் நேரடி எண்ணிக்கைதானா, கலப்பு மாதிரி இருக்கிறதா என்று மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

9. முடிவு அட்டவணையை வாசித்தல்

முதலில் தலைப்பு வரியைப் படியுங்கள். எது எதனுடன் ஒப்பிடப்பட்டது என்று அதிலேயே எழுதியிருக்கும். மருந்து உள்ளது எதிர் மருந்து இல்லாதது என்று இருந்தால், லாக்2 மடங்கு மாற்றம் 1 என்பது மருந்தால் இரு மடங்கு கூடியது. கழித்தல் 1 என்பது பாதியானது.

பி-மதிப்பைப் பார்க்காதீர்கள், திருத்திய பி-மதிப்பைப் பாருங்கள். 20,000 மரபணுக்களைச் சோதித்தால், மருந்துக்கு எந்த விளைவுமே இல்லாவிட்டாலும் சுமார் 1000 மரபணுக்கள் 0.05க்குக் கீழே வரும். பெஞ்சமினி–ஹாக்பெர்க் முறையில் திருத்திய மதிப்பு 0.05 என்றால், அந்த வரம்பில் நீங்கள் தேர்ந்தெடுத்த பட்டியலில் ஏறத்தாழ 5 விழுக்காடு தவறாக இருக்கலாம் என்று பொருள். டிஇசீக்2இன் இயல்பான வரம்பு 0.1. நீங்கள் 0.05 வைக்கப்போகிறீர்கள் என்றால் முடிவைக் கேட்கும்போதே அதைச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைந்த மரபணுக்களை எங்கே வெட்டுவது என்பதை அது அந்த வரம்பை வைத்துத்தான் தீர்மானிக்கிறது.

சில வரிகளில் மதிப்பு இல்லாமல் 'என்ஏ' என்று இருக்கும். மூன்று காரணங்கள் உண்டு. எல்லா மாதிரியிலும் சுழியம் என்றால் சராசரி எண்ணிக்கையைத் தவிர எல்லாமே என்ஏ. ஒரே ஒரு மாதிரியில் மட்டும் எண்ணிக்கை எகிறியிருந்தால் பி-மதிப்பும் திருத்திய மதிப்பும் என்ஏ. சராசரி எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் விலக்கப்பட்டிருந்தால் திருத்திய மதிப்பு மட்டும் என்ஏ. இவற்றைச் சுழியமாகவோ ஒன்றாகவோ மாற்றாதீர்கள். வடிகட்டும்போது என்ஏ வரிகளை வெளிப்படையாக நீக்குங்கள்; இல்லாவிட்டால் வெற்று வரிகள் பட்டியலுக்குள் வந்து உட்காரும்.

குறைந்தது இரு மடங்கு மாறியவைதான் வேண்டுமா? பட்டியல் வந்த பிறகு மடங்கு மாற்றத்தை வைத்து வெட்டுவதைவிட, 'லாக்2 மாற்றம் 1ஐ விடப் பெரிதா' என்ற கேள்வியையே சோதனையாகக் கொடுங்கள். பின்னால் வெட்டும் பட்டியலுக்கு அந்த 5 விழுக்காட்டு உறுதி கிடையாது.

இப்போது பி-மதிப்புகளின் ஹிஸ்டோகிராம். சுழியத்துக்கு அருகே ஓர் உயரமான பட்டை, மற்ற இடமெல்லாம் கிட்டத்தட்ட சமதளம் என்றால் நலம். நடுவில் குன்று எழுந்தாலோ 1ஐ நோக்கி ஏறிக்கொண்டே போனாலோ சோதனையின் புள்ளியியல் மாடல் தரவோடு ஒட்டவில்லை. சூத்திரத்தில் விட்டுப்போன தொகுதி விளைவு இதற்கு அடிக்கடி காரணம். இந்தப் படத்தை வெளியிடத் தேவையில்லை, போடாமல் விடக் கூடாது.

ஏர்வேயில் ஓட்டியவர்கள் தங்கள் பட்டியலில் டியுஎஸ்பி1, கேஎல்எஃப்15, பிஇஆர்1, டிஎஸ்சி22டி3 ஆகிய மரபணுக்களைத் தேடுங்கள். குளுக்கோகார்ட்டிகாய்டுக்குப் பதிலளிப்பவை என்று ஏற்கெனவே அறியப்பட்டவை இவை. மருந்தால் கூடியிருக்க வேண்டும். மூல ஆய்வு கவனப்படுத்திய சிஆர்ஐஎஸ்பிஎல்டி2 மரபணுவும் இருக்கும். இவை கழித்தல் குறியோடு வந்தால் ஐந்தாம் படியில் அடிப்படை நிலையை மாற்ற மறந்திருக்கிறீர்கள்.

10. எம்ஏ படமும் வால்கேனோ படமும்

எம்ஏ படத்தில் கிடைமட்ட அச்சு சராசரி எண்ணிக்கை, செங்குத்து அச்சு மடங்கு மாற்றம். சுருக்காமல் போட்டால் இடப்பக்கம் புள்ளிகள் மேலும் கீழும் விசிறியாக விரியும். 2 ரீடு 8 ரீடானால் நான்கு மடங்குதான், ஆனால் அதற்கு அர்த்தம் குறைவு. ஏபிஇஜிஎல்எம் முறையில் சுருக்கினால், ஆதாரம் குறைந்த மரபணுக்களின் மாற்றம் சுழியத்தை நோக்கி இழுக்கப்படும். ஆதாரம் வலுத்தவை இருந்த இடத்திலேயே இருக்கும். மரபணுக்களை மாற்றத்தின் அளவால் வரிசைப்படுத்தப் போகிறீர்கள் என்றால் சுருக்கிய மதிப்பையே எடுங்கள். ஏபிஇஜிஎல்எம்முக்கு ஒப்பீட்டைக் குணகத்தின் பெயரால்தான் சொல்ல முடியும். வேறு இரு நிலைகளை நேரடியாக ஒப்பிட வேண்டுமானால் ஏஷ்ஆர் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

மருந்து சில மரபணுக்களை மட்டும் தொடும் சோதனையில், எம்ஏ படத்தின் புள்ளிக்கூட்டம் சுழியக் கோட்டைச் சுற்றி அமைய வேண்டும். மொத்தக் கூட்டமும் மேலேயோ கீழேயோ நகர்ந்திருந்தால் இயல்பாக்கத்தைச் சந்தேகியுங்கள்.

வால்கேனோ படத்தில் நடக்கும் பிழைகள் எளியவை. செங்குத்து அச்சில் எந்தப் பி-மதிப்பு என்று எழுதாமல் விடுகிறார்கள். திருத்தியதா, திருத்தாததா என்று அச்சுப் பெயரிலேயே இருக்கட்டும். மிகச் சிறிய பி-மதிப்பு கணினியில் சுழியமாகப் பதிவாகி, மடக்கை எடுத்ததும் முடிவிலிக்குப் போய்விடும். உங்கள் மிக வலுவான மரபணுவே படத்தின் விளிம்பில் பாதி மறைந்து கண்ணில் படாமல் போகலாம். அப்புறம் நூறு பெயர்களை ஒட்டினால் ஒன்றும் படிக்க முடியாது. நீங்கள் உரையில் பேசப்போகும் பத்துப் பன்னிரண்டு பெயர்களை மட்டும் ஜிஜிரெப்பெல் கொண்டு ஒட்டுங்கள். சிவப்பு–பச்சை இணையைத் தவிர்த்து நீலம்–ஆரஞ்சு எடுங்கள்; சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத வாசகர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

11. தனி மரபணுப் படமும் ஹீட்மேப்பும்

பட்டியலின் முதல் ஆறு மரபணுக்களுக்காவது தனித்தனியே புள்ளிப் படம் போடுங்கள். இயல்பாக்கிய எண்ணிக்கை மடக்கை அச்சில். ஒரே செல் வரிசையின் இரு புள்ளிகளை ஒரு கோட்டால் இணையுங்கள். ஏர்வேயில் நல்ல மரபணுவுக்கு நான்கு கோடுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு கோடு மட்டும் செங்குத்தாக ஏற, மற்ற மூன்றும் படுத்திருந்தால் அந்த மரபணுவைத் தலைப்பில் வைக்காதீர்கள். பட்டைப் படம் இதை மறைத்துவிடும். எட்டே மாதிரிகள் இருக்கும்போது எட்டு புள்ளிகளையும் காட்டிவிடலாம்.

ஹீட்மேப்புக்கு விஎஸ்டி மதிப்பை எடுத்து ஒவ்வொரு வரியிலிருந்தும் அந்த வரியின் சராசரியைக் கழியுங்கள். கழிக்காவிட்டால் எந்த மரபணு அதிக ரீடு வாங்குகிறது என்பது மட்டுமே நிறமாகத் தெரியும். நிற அளவுகோல் சுழியத்தின் இருபுறமும் சமமாக இருக்கட்டும். ஒரு மரபணுவின் அதீத மதிப்பு மற்ற எல்லாவற்றையும் வெளிறச் செய்தால் இரு முனைகளிலும் வரம்பு வையுங்கள், வைத்ததைப் படக்குறிப்பில் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மருந்தால் மாறிய மரபணுக்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஹீட்மேப் போட்டுவிட்டு, 'மாதிரிகள் மருந்தின்படி அழகாகப் பிரிகின்றன' என்று எழுதக் கூடாது. பிரியும் மரபணுக்களைத்தானே எடுத்தீர்கள். மாதிரிகள் உண்மையில் பிரிகின்றனவா என்பதற்குச் சான்று ஏழாம் படியின் பிசிஏ.

12. மரபணுப் பெயரும் செறிவூட்டல் சோதனையும்

அலசல் முழுக்க முடிந்த பிறகு வழக்குப் பெயர்களைச் சேருங்கள். ஜென்கோட் விளக்கக் கோப்பிலிருந்து வந்த அடையாள எண்ணில் ஒரு புள்ளியும் பதிப்பு எண்ணும் ஒட்டியிருக்கும். அதை வெட்டாமல் தேடினால் ஒன்றுமே பொருந்தாது. சில எண்களுக்குப் பெயர் கிடைக்காது. அந்த வரிகளைத் தூக்காமல் எண்ணோடே வைத்திருங்கள்.

பட்டியலை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்து சேமிக்காதீர்கள். செப்டின், மார்ச் குடும்பங்களின் பழைய பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லையால் மரபணுப் பெயர்க் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றியது. பழைய விளக்கக் கோப்புகளில் அவை இன்னும் இருக்கின்றன. அந்தப் பத்தியை உரை வகையாக அறிவித்து இறக்குமதி செய்யுங்கள்.

செறிவூட்டல் சோதனை (மாறிய மரபணுக்களின் பட்டியலில் எந்தச் செயல்பாட்டு வகை எதிர்பார்ப்பைவிட அதிகம் என்று பார்ப்பது) செய்யும்போது பின்னணிப் பட்டியலாக மனித மரபணுக்கள் அனைத்தையும் கொடுப்பது மிகப் பரவலான பிழை. மென்தசைச் செல்லில் எப்படியும் மென்தசை மரபணுக்கள்தான் அதிகம் வெளிப்படும். எல்லா மரபணுக்களையும் பின்னணியாக வைத்தால் 'தசைச் சுருக்கம் செறிந்துள்ளது' என்று முடிவு வரும். மருந்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. உங்கள் சோதனையில் திருத்திய பி-மதிப்பு கிடைத்த மரபணுக்களை மட்டும் பின்னணியாகக் கொடுங்கள்.

13. சேமித்து வைத்தல்

நிரல், மாதிரித் தாள், நேரடி எண்ணிக்கைக் கோப்பு மூன்றும் ஒரே அடைவில் இருக்கட்டும். எண்ணிக்கைக் கோப்பை எழுத முடியாதபடி பூட்டுங்கள். ஆரின் பழைய நினைவகத்தைச் சேமித்துத் திறக்கும் வழக்கத்தை அமைப்பில் நிறுத்திவிடுங்கள்; வெற்று அமர்வில் நிரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினால் அதே படங்கள் வர வேண்டும்.

நிரலின் கடைசி வரியில் ஆரின் பதிப்பையும் தொகுப்புகளின் பதிப்புகளையும் ஓர் உரைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். மதிப்பாய்வாளர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது. நீண்ட வேலைகளுக்கு ஆர்என்வி தொகுப்பு பதிப்புகளைப் பூட்டி வைக்கும்.

படங்களைத் திரையிலிருந்து வெட்டி எடுக்காதீர்கள். இதழ் கேட்கும் அகலத்தை மில்லிமீட்டரில் முதலிலேயே கொடுத்து, ஜிஜிபிளாட்2இன் சேமிப்புக் கட்டளையால் பிடிஎஃப் வடிவில் எழுதுங்கள். பின்னால் அளவைக் குறைத்தால் எழுத்தும் சேர்ந்து சுருங்கிவிடும். பல்லாயிரம் புள்ளிகள் உள்ள வால்கேனோ, எம்ஏ படங்களின் பிடிஎஃப் கோப்பு திறக்கவே திணறினால், அவற்றை மட்டும் 300 டிபிஐ அளவில் பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள்.